கூடம் நீண்ட வீடு

பெரும்பாக்கத்தில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நிற்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏழாவது மாடியில், செண்பகவல்லியும் குமரகுருவும் வாழ்ந்த வீட்டின் கூடம் ஒரு ஆவணி மாதத்தில் நீள ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தவள் வீடு துடைக்க வருகிற காசியம்மாள்.

“அக்கா, கூடம் வளந்திருக்கு. ஒரு வரிசைக் கல்லு கூட இருக்கு பாருங்க,” என்றாள்.

மடிக்கணினியிலிருந்து தலையை எடுத்த வல்லி எட்டிப் பார்த்தாள். கல் கூடத்தான் இருந்தது. அதே வெள்ளை நிறம், அதே பழுப்பு ரேகை, மற்ற கற்களோடு சேர்த்துப் பதித்தாற்போல இடுக்கில் பழைய அழுக்குகூட இருந்தது. “சரி, அதையும் சேத்துத் துடைச்சிடு,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், ஏனென்றால் அவளுக்கு ஒரு போன் வந்திருந்தது, அந்தப் போனில் பேசுவது கூடத்தின் மறுமுனை அறையில் இருக்கிற கணவனுக்குக் கேட்கக் கூடாது.

இருவரும் செய்தது ஒரே வேலை. அடுத்தவர் தொழிலை எப்படி நடத்த வேண்டும், எதை வாங்க வேண்டும், எதை விற்க வேண்டும் என்று ஆலோசனை சொல்கிற வேலை. ஆனால் அவள் ஒரு கம்பெனி, அவன் அதன் போட்டிக் கம்பெனி. பழைய மகாபலிபுரம் சாலையில் எதிரெதிரே கண்ணாடிக் கட்டடங்கள். கல்யாணமான புதிதில் ஒரே வண்டியில் போய், அவன் அவளை இறக்கிவிட்டு, யு டர்ன் அடித்துத் தன் ஆபீசுக்குப் போவான், சாயங்காலம் திரும்பும்போது பெயர்களை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கரூரில் பஸ் கூண்டு கட்டுகிற ஒரு பெரிய பட்டறை விலைக்கு வருகிறவரை. அதை வாங்க இரண்டு பேர் முட்டினார்கள், என்ன விலைக்குக் கேட்கலாம் என்று ஒருவருக்குச் சொல்கிற வேலை வல்லியின் கம்பெனிக்கு வந்தது, இன்னொருவருக்குச் சொல்கிற வேலை குருவின் கம்பெனிக்குப் போனது. இரண்டு இடத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்றார்கள். அவன் எதில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், அவள் எதில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும், ஆனாலும் சொல்லக் கூடாது.

ஆகவே வாசல் கதவையும் சமையலறையையும் ஒட்டிய மேற்கு அறை அவளுக்கு, கூடத்தைக் கடந்து போனால் வருகிற கிழக்கு அறை அவனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்பதில்லை, யார் போனில் என்று கேட்பதில்லை. ஒவ்வொரு கேள்வியும் தொண்டையோடு நின்றபோது கூடத்தில் ஒரு வரிசைக் கல் கூடியது, ஒவ்வொரு பதிலும் விழுங்கப்பட்டபோது இன்னொரு வரிசை கூடியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது, சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் அவன் அறைக் கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைத்தியலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கு என்பதால் அளவு டேப்போடு வந்தார். டேப் தீர்ந்துபோய் இன்னொன்று வாங்கி வந்தார், அதுவும் தீர்ந்தது. கீழே இறங்கிப் போய்க் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தார், அது போன வாரம் நின்ற மாதிரியே நின்றது. சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசி, வெளிச்சுவர் நகராதவரை உள்ளே நடப்பது அந்தந்த வீட்டு விஷயம் என்று முடிவெடுத்தார்கள். அதோடு, மழைக்காலம் முழுக்கக் கீழே தண்ணீர் நிற்பதால் நடைப்பயிற்சிக்கு அந்தக் கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்பது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

வல்லி சரி என்றாள். வேறென்ன சொல்வாள்?

காலையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தார்கள், காதில் மப்ளர் கட்டிக்கொண்டு, வாசலில் செருப்பை விட்டுவிட்டு, “குட் மார்னிங் மேடம்” என்று அவள் அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரிசையாக உள்ளே நடந்து போனார்கள். சாயங்காலம் பிள்ளைகள் சாக்குக்கட்டியால் கோடு போட்டு இறகுப்பந்து ஆடினார்கள். நான்காவது மாடி ரெஜினா டீச்சர் லிப்டில் ஸ்கூட்டியை ஏற்றிக்கொண்டு வந்து, ரோட்டில் ஓட்டப் பயந்ததை இங்கே ஓட்டிப் பழகினார். தரைத்தளத்து வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வந்தபோது மண்டபம் கிடைக்கவில்லை என்று இங்கேயே பந்தி போட்டார்கள், வந்தவர்கள் இலை முன்னால் உட்கார்ந்து, கூடத்தின் கடைசி எங்கே என்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “நல்ல காத்தோட்டம்” என்று சொல்லிப் பாயசம் வாங்கிக்கொண்டார்கள். ஜன்னல் வெளிச்சம் எட்டாத இடத்தில் பகலிலேயே மங்கலாக இருந்ததால் சங்கம் குழல் விளக்கு போட்டுக் கொடுத்தது. காசியம்மாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து கொஞ்ச காலம் துடைத்தாள், அப்புறம் சோபா வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டாள்.

இது எதனால் என்று யாரும் வல்லியைக் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர், மற்றவர் வெளியே போயிருக்கும்போது, குனிந்து தங்கள் கூடத்துக் கற்களை எண்ணிப் பார்த்தார். சில வீடுகளில் ஒரு வரிசை அதிகமிருந்தது. கல் பதித்தவன் அன்றைக்கே தப்பாகப் பதித்திருப்பான் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, அதன்மேல் மிதியடியை இழுத்துப் போட்டார்கள்.

இரண்டு கம்பெனிகளுக்கும் பரம சந்தோஷம். வல்லியின் மேலாளர் சுபத்ரா நேரில் வந்தார், குதிகால் செருப்பு டக்டக்கென்று ஒலிக்கக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார், திரும்பி வந்தார். “ரகசியத்தைக் காப்பாத்த எத்தனையோ ஏற்பாடு பண்ணிருக்கோம் செண்பா, இந்த மாதிரி ஒண்ணு எங்களால பண்ண முடியாது,” என்றார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக் காட்டப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தில், தூரத்தில், ஒரு புள்ளி வெளிச்சம் இருந்தது. அது குருவின் அறை விளக்கு.

அவன் அங்கிருந்தே வேலை பார்த்தான். ஒரு சின்ன அடுப்பும் பாத்திரமும் வைத்துக்கொண்டான். தண்ணீர் கேன் போடுகிற மாசிலாமணி, கேனோடு அரிசி பருப்பும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வருவான். முதலில் மணி அடித்துக்கொண்டே போய் உடனே திரும்பினான், பிறகு போனால் மத்தியானம் ஆனது. வல்லி அவனுக்கு மோர் கொடுப்பாள்.

“சார் எப்படி இருக்காரு?”

“நல்லாருக்காருக்கா. தாடி விட்டிருக்காரு.”

“என்ன கலர்?”

“கறுப்புதான். இங்கிட்டு மட்டும் கொஞ்சம் வெள்ளை,” என்று மாசிலாமணி தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். அவள் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் பேசக் கூடாதா என்றால், பேசினார்கள். ஆனால் இரண்டும் ஆபீஸ் கொடுத்த போன்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை வருமா, வரும்போல இருக்கு, அவ்வளவுதான் அதில் ஆபத்தில்லாமல் சொல்ல முடிந்தது.

கார்த்திகையில் வல்லி கரூர் போனாள். பட்டறையைச் சுற்றிப் பார்த்துக் கணக்கெடுக்கிற வேலை. வெளியூர் போகிறேன் என்று மட்டும் குருவுக்குச் செய்தி அனுப்பினாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது, கூடம் நாலெட்டில் கடக்கிற அளவில் இருந்த நாட்களில் உண்டானது, உறுதியாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது, இந்த விலைப்பேச்சு முடிந்ததும் கூடத்தைக் கடந்து போய் நேரில் சொல்வோம் என்று வைத்திருந்தாள். பட்டறையில் தகரமும் பெயிண்ட் வாசனையுமாக வெயில் அடித்தது. பாதி கட்டிய பஸ் ஒன்றுக்குள் ஏறி நின்று, இன்னும் சீட் போடாத அந்தத் தகரத் தரையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, தனக்கு என்னவோ ஆகிறது என்று உணர்ந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, “வீட்டுக்காரர் எங்கம்மா?” என்று கேட்டார். “வேலையா இருக்காரு டாக்டர்” என்றாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. லாட்ஜ் அறையில் படுத்திருந்தபோது குருவின் போன் வந்தது.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன நடந்தது என்று சொன்னால் எங்கே நடந்தது என்று கேட்பான், கரூர் என்று சொன்னால் தன் கம்பெனி பட்டறையைப் பார்க்க வந்துவிட்டது என்பதைச் சொன்னதாகிவிடும். கையெழுத்துப் போட்டவள் அவள். ஊருக்குத் திரும்பி வீட்டுக் கதவைத் திறந்தபோது குருவின் கதவு கண்ணுக்குத் தெரியவில்லை. சோபாவைத் தாண்டிக் கற்கள் போய்க்கொண்டே இருந்தன, குழல் விளக்குகள் முடிந்த இடத்துக்கும் அப்பால் போயின, அவற்றின் கடைசியில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, ஒரு வெளிச்சம்.

தை பிறந்தபோது அந்தப் பட்டறையை இரண்டு பேருமே வாங்கவில்லை. எங்கிருந்தோ வந்த மூன்றாவது ஆள் வாங்கிக்கொண்டு போனார். ரகசியம் ரகசியமாக இருக்க வேண்டிய அவசியம் ஒரே நாளில் தீர்ந்துபோனது. கூடம் இனி சுருங்கிவிடும் என்று குடியிருப்பே எதிர்பார்த்தது. நடுவழியில் இளைப்பாறப் போட்டிருந்த நாற்காலிகளை எடுத்துக்கொள்ளும்படி வைத்தியலிங்கம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். ரெஜினா டீச்சர் ஸ்கூட்டியைக் கீழே இறக்கினார். எல்லோரும் காத்திருந்தார்கள். கூடம் சுருங்கவில்லை. மறு வாரமும் நீண்டது, அதற்கு மறு வாரமும் நீண்டது. நாற்காலிகள் ஓசையில்லாமல் திரும்பி வந்தன.

அது தன்னால்தான் என்று வல்லி நினைத்தாள். சொல்லக் கூடாத காலத்தில் சொல்லாமல் விட்டது, சொல்லலாம் என்று ஆனபிறகும் வாயில் வரவில்லை. அதைப் போனில் சொல்ல முடியாது. மாசிலாமணியிடம் கேனோடு சேர்த்துக் கொடுத்தனுப்பவும் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டாள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாள், காசியம்மாளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

“எங்கக்கா, ஊருக்கா?”

“சாரைப் பாக்க.”

“மெதுவா போங்க. தரை வழுக்கும்,” என்றாள் காசியம்மாள்.

நடைக்காரர்கள் வழிவிட்டார்கள். சாக்குக்கட்டிக் கோடுகளைத் தாண்டினாள், ஸ்கூட்டி டயர் இழுத்த கறுப்புத் தடங்களைத் தாண்டினாள், நாற்காலிகளைத் தாண்டினாள், கடைசிக் குழல் விளக்கையும் தாண்டினாள், அதற்குப் பிறகு மாசிலாமணியின் சைக்கிள் தடம் மட்டும் தூசியில் கூட வந்தது. இரண்டு பக்கமும் அவர்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த அதே சந்தன நிறச் சுவர். அதில் ஒரு ஆணிகூட இல்லை. படமாக மாட்டுவதற்கு எதுவுமே நடக்காத சுவர் அது, இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாழாமல் விட்ட நாட்களெல்லாம் அங்கே காலியாக நின்றன, அவள் அவற்றை ஒவ்வொன்றாகக் கடந்து நடந்தாள். சாப்பிட்டாள், மறுபடி நடந்தாள்.

வல்லிக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமாக எதையாவது பேச வேண்டியிருந்தால் அதை முன்கூட்டி வாய்விட்டுப் பேசிப் பார்ப்பாள், குளிக்கும்போது, சமைக்கும்போது. இப்போதும் பேசிக்கொண்டே போனாள். “குரு, நான் கரூர் போயிருந்தேன்” என்று ஆரம்பித்தாள். அது சரியில்லை. “குரு, நமக்கு ஒரு குழந்தை இருந்தது” என்று ஆரம்பித்தாள். அதுவும் சரியில்லை. பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தாள், டாக்டரம்மாவிலிருந்து ஆரம்பித்தாள், லாட்ஜ் சுவரில் ஓடிய பல்லியிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு தடவை அழாமல் முடித்தாள், அதற்கடுத்த தடவை முடியவில்லை. வெளிச்சம் பெரிதாகிக் கதவானது, கதவில் ஒரு ஆள் நின்றான்.

குரு மெலிந்திருந்தான். மாசிலாமணி தொட்டுக் காட்டிய இடத்தில் வெள்ளை இருந்தது. முகம் நனைந்திருந்தது.

“கேட்டுச்சு வல்லி,” என்றான்.

“எது?”

“நீ சொல்லிக்கிட்டு வந்தது. நடுவுல ஒண்ணும் இல்லல்ல, சத்தம் நேரா வருது.”

“எந்தத் தடவை சொன்னது?”

“எல்லாத் தடவையும்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவனும் எதிரில் உட்கார்ந்தான். “அன்னிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?” என்று கேட்டான்.

“போன் பண்ணினே. சாப்பிட்டியான்னு கேட்டே.”

“நீ என்ன சொன்னே?”

“சாப்பிட்டேன்னேன்.”

குரு தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, குனிந்த தலையோடு, தன்னுடையதைச் சொன்னான். “ஆவணியிலயும் இப்படித்தான் கேட்டுட்டேன். நீ குளிச்சுக்கிட்டே பேசிப் பழகினே. உங்க ஆளு பட்டறைக்கு என்ன விலை குடுக்கப்போறாருன்னு முழுசா சொன்னே. நான் வெளியில நின்னு ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தேன். அன்னிக்குத்தான் காசியம்மா வந்து கல்லு கூடியிருக்குன்னு சொன்னாங்க.”

வல்லியின் ஆட்கள் சொன்ன விலைக்குமேல் அவன் ஆட்கள் ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லியிருந்தால் போதும், பட்டறை அவர்களுக்குப் போயிருக்கும். அப்படி நடக்கவில்லை, அவன் அதை அங்கே சொல்லவேயில்லை.

“ஆபீஸ்ல போய் என்னை இதுலேர்ந்து எடுத்துடுங்கன்னு கேட்டேன். ஏன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? வயித்துவலின்னேன். உன் பொண்டாட்டி ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். நம்பல. மெல்ல மெல்ல எந்த வேலையும் தரல. வேலை வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். போன் நம்பரை மட்டும் கேட்டு வச்சுக்கிட்டேன்.”

“எப்போ?”

“நீ வெளியூர் போனியே, அதுக்கு முன்னாடியே.”

“விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்ததே. வேலை பாக்கறேன்னுல்ல நினைச்சேன்.”

“நீ பாப்பியேன்னு போட்டு வச்சேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே குரு.”

“சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? நேரா போய் சுபத்ராகிட்ட சொல்லியிருப்பே, என் வாயால வெளியில போயிடுச்சுன்னு. உன்னால சொல்லாம இருக்க முடியாது. உன்னை வேலையை விட்டு அனுப்பிட்டிருப்பாங்க.”

அது உண்மை. அவள் போய்ச் சொல்லித்தான் இருப்பாள். தன்னை இத்தனை சரியாகத் தெரிந்த ஒருவன் இத்தனை மாதம் ஒரு சின்ன அடுப்போடு இந்த முனையில் உட்கார்ந்திருந்தான் என்பதும், வேலையே இல்லாத அவனிடமிருந்து வேலை ரகசியத்தைக் காப்பாற்றத்தான் தன் பிள்ளையைத் தான் தனியாக இழந்தோம் என்பதும் ஒன்றாக வந்து அவள்மேல் இறங்கின. எழுந்து போய் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவனிடம் வேறு சோப்பின் வாசனை அடித்தது.

அப்புறம் இருவரும் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார்கள். அது இருந்தபடியே இருந்தது.

“குறைஞ்சிடும்னு நினைச்சேன்,” என்றான்.

“நானும்தான்.”

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அவன் துணிப்பையை அவள் வாங்கிக்கொண்டாள், ஏனென்றால் உட்கார்ந்தே இருந்து அவன் கால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வழியெல்லாம் பேசினார்கள், பையனா பெண்ணா என்று தெரியுமா என்று அவன் கேட்டான், தெரியாது, அதற்கெல்லாம் நாளாகவில்லை என்று அவள் சொன்னாள், ஒவ்வொன்றையும் சொன்ன பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு கல்கூடக் குறையவில்லை. புதிதாக எதுவும் கூடவும் இல்லை. நீண்டது நீண்டதுதான், அதை நடந்துதான் தீர்க்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தபோது குழல் விளக்குகள் வந்துவிட்டன.

சாயங்கால நடைக்கு வந்த வைத்தியலிங்கம் எதிரே நின்றார். “அடடே, சார் எப்ப வந்தீங்க? ஊர்லேர்ந்தா?”

“இல்ல சார். இங்கேயேதான் இருந்தேன்,” என்றான் குரு.

வைத்தியலிங்கம் அவனையும் அவளையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப இனிமே கூடம்...”

“அது இருக்கும் சார். நீங்க நடங்க,” என்றாள் வல்லி.

சமையலறையில் விளக்கைப் போட்டுக் குக்கரை எடுத்தாள். அரிசி டின்னைத் திறந்து தம்ளரை உள்ளே விட்டவள் அப்படியே நின்றாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்பது கைக்குப் பழகிவிட்டிருந்தது. இரண்டு பேருக்கு எவ்வளவு என்று மறந்துபோயிருந்தது. அவன் என்ன சாப்பிடுவான், எத்தனை தடவை வாங்கிப் போட்டுக்கொள்வான், ஒன்றும் நினைவில்லை.

“குரு, எவ்வளவு போடட்டும்?”

அவன் வந்து வாசற்படியில் நின்று டின்னுக்குள் பார்த்தான். “தெரியலையே வல்லி,” என்றான்.

அவள் ஒரு தம்ளர் போட்டாள். இன்னொன்றை முக்கால் அளவுக்கு எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அதையும் போட்டாள்.

“நிறைய ஆயிடுமோ?”

“ஆனா ஆகட்டும்,” என்றான் குரு. “மிஞ்சினா தண்ணி ஊத்தி வச்சிடலாம்.”